மாடக்குழியில் உட்கார்ந்த தாத்தா

ஆதிச்சநல்லூர்ப் பரம்பைப் பற்றி இப்போது பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். அந்தப் பரம்பில் புதைந்த தாழிகளுக்கு நம் பக்கத்துப் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை. ஆகவே எழுதி வைக்கிறேன்.

திரேதா யுகத்தில் மனிதருக்கு ஆயிரம் வருஷ ஆயுசாம். எவ்வளவு வயதானாலும் சாவு வராது. ஆனால் வயது ஏற ஏற உடம்பு சிறுத்துக்கொண்டே போகும். கடைசியில் யார் காலிலும் மிதிபடாமல் இருக்க, விளக்கு வைக்கும் மாடக்குழியில் தூக்கி உட்கார வைத்துவிடுவார்களாம். பார்த்துப் பார்த்து இளையவர்களுக்கு அலுத்துப்போனது. பிறகு அந்தக் குட்டித் தாத்தாவையும் ஆச்சியையும் பானையில் இறக்கி, சின்னச் சின்னக் கலயங்களில் அரிசி, தண்ணீர், எண்ணெய் கூடவே வைத்து, ஊருக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டார்களாம்.

இது நேற்று முளைத்த கதை அல்ல. கால்டுவெல் பாதிரியார் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில், இப்பகுதி மக்கள் சொன்னதாகவே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரான்சின் கிழக்கே மோன்பெலியார் பக்கம் 'தாந்த் ஆரி' என்றொரு தேவதைக் கதை உண்டு. தாந்த் என்றால் அத்தை. கிறிஸ்துமஸ் சமயத்தில் கழுதையோடு வந்து, நல்ல பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்துவிட்டுப் போவாள். அங்கே அத்தை பிள்ளைகளுக்குக் கொண்டு வருகிறாள். நம் கதையிலோ பிள்ளைகள் பெரியவர்களுக்குக் கொடுத்து அனுப்புகிறார்கள். அதுவும் வழியனுப்பும் பரிசு!

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கதைதான். ஆனாலும் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. உழும்போதும் மண் வெட்டும்போதும் மக்கள் கண்ணில் பட்டவை மூன்று: வாய் குறுகிய பெரிய பானை, உள்ளே மனித எலும்பு, பக்கத்தில் சிறு கலயங்கள். முழு ஆள் இதற்குள் எப்படிப் போனான்? சிறுத்துத்தான் போயிருக்க வேண்டும். கலயம் எதற்கு? சாப்பிடத்தான். கண்டதை வைத்து ஊரார் கட்டிய விளக்கம் அது.

ஆராய்ச்சி சொல்வது வேறு. 1876இல் பெர்லினிலிருந்து யாகோர் வந்து தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ சில ஆண்டுகள் தோண்டினார். இடையில் பாரீசிலிருந்து லூயி லாப்பிக் என்ற பிரெஞ்சுக்காரரும் வந்தார். ரீ எடுத்தவற்றில் மெல்லிய பொன் நெற்றிப்பட்டம், இரும்பு வாள், வேல், எருமையும் சேவலும் நிற்கும் வெண்கல மூடிகள், பானைக்குள் நெல் உமி எல்லாம் உண்டு. இறந்தவரைத்தான் தாழியில் வைத்தார்கள். சில தாழிகளில் முழு எலும்புக்கூடு. பலவற்றில், வேறிடத்தில் உடல் அழிந்த பின் பொறுக்கி வைத்த எலும்புகள். எல்லாம் முதியோருடையதும் அல்ல. 2004இல் தொடங்கிய அகழாய்வின் மாதிரிகள் இரண்டைச் சோதித்து, 2019இல் கி.மு. 905, கி.மு. 696 என்று காலம் சொன்னார்கள்.

புறநானூற்றின் 256ஆம் பாட்டில் ஒரு பெண், கணவனுக்குச் செய்யும் தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய்யச் சொல்லிக் குயவரிடம் கேட்கிறாள். தாழி என்பது அலுப்பில் தள்ளிவிடும் பானை அல்ல என்பதற்கு அந்த ஒரு பாட்டு போதும்.

அப்படியானால் கதையில் அந்த அலுப்பு எங்கிருந்து வந்தது? சொன்னவர்கள் வீட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். படுத்த படுக்கையான பெரியவரைப் பார்ப்பது எளிதல்ல என்பது அவர்களுக்கும் தெரியும். அதை வெளிப்படையாகச் சொல்ல மனம் வராமல் திரேதா யுகத்தின் மேல் போட்டிருக்கிறார்கள். அப்போதும் வெறும் கையோடு அனுப்ப மனசு கேட்கவில்லை.

2023 ஆகஸ்டில் பரம்பிலேயே, குழிக்கு மேல் கண்ணாடித் தளம் போட்டுத் தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்க வசதி செய்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பெரிய தாழியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பக்கத்துச் சின்னக் கலயத்தைக் காட்டி, கதையை நீங்கள் சொல்லுங்கள்.