கோப்பு மோதல் (லினக்ஸ் பொதிகள்)

லினக்ஸ் பணிசெயல் முறைமையில் மென்பொருட் பொதி ஒன்றை நிறுவ முற்படும்போது, அப்பொதி எழுத வேண்டிய கோப்பு அதே பெயருடன் அதே இடத்தில் வேறொரு பொதிக்கு உரியதாக முன்னரே இருக்குமாயின், அந்நிலை கோப்பு மோதல் எனப்படும். கண்டி இராச்சியத்தில் எந்த வயல் எவர் வசம் உள்ளது, அதற்கு ஈடாக அவர் அரசனுக்கு ஆற்ற வேண்டிய ஊழியம் யாது என்பவற்றை லேகம் மிட்டி என்னும் ஓலைப் பதிவேடுகளில் எழுதி வைத்தனர். அதே பிரகாரம், ஒவ்வொரு கோப்பும் எந்தப் பொதிக்குச் சொந்தம் என்பதைப் பொதி நிர்வாகி என்னும் மென்பொருள் தன் பதிவேட்டில் குறித்து வைக்கிறது. ஒரே வயலுக்கு இருவர் உரிமை கோரி நிற்கும் வேளையிலேயே மோதல் தலைதூக்குகிறது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டில் லினக்ஸ் கருவை வெளியிட்டதை அடுத்து வந்த காலத்தில், மென்பொருள்கள் பெரும்பாலும் சுருக்கிக் கட்டிய மூட்டைகளாகவே வழங்கின. மூட்டையை அவிழ்த்தால் உள்ளிருந்தவை வட்டில் பரவி, அங்கு முன்பு இருந்தவற்றை யாரும் அறியாமல் அழித்துவிடும். யூனிக்ஸ் சம்பிரதாயப்படி இயங்கு நிரல்கள் யாவும் ஓர் அடைவிலும், நூலகக் கோப்புகள் யாவும் மற்றோர் அடைவிலும் கூடி வாழ்வதால், ஒரே முற்றத்தில் பல குடும்பங்கள் குடியிருப்பதைப் போன்ற இந்த நெருக்கத்தில் பெயர்கள் மோதுவது தவிர்க்க இயலாதது. 1994 ஜனவரியில் டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலின் (கருவையும் மென்பொருள்களையும் ஒன்றுசேர்த்த தொகுப்பின்) ஸ்தாபகர் இயன் மர்டொக் டிபிகேஜி என்னும் பொதி நிர்வாகியின் முதல் வடிவத்தை எழுதினார். அவ்வாண்டிலேயே இயன் ஜாக்சன் அதனைச் சி மொழியில் புதுக்கினார். 1995 இல் ரெட் ஹாட் நிறுவனத்தில் எரிக் ட்ரோனும் மார்க் யூயிங்கும் ஆர்பிஎம் என்னும் மற்றொரு பொதி நிர்வாகியை உருவாக்கினர்.

இவ்விரண்டும் மோதலை நோக்கும் விதம் வேறு வேறு. ஆர்பிஎம், நிறுவப் போகும் பொதிகள் அனைத்தையும் ஒருங்கே சோதித்து, மோதல் உண்டெனில் வட்டைத் தொடாமலே நின்றுவிடும். இரு பொதிகளிலும் உள்ள கோப்பு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பின் இரண்டும் அதைப் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும். டிபிகேஜியோ ஒவ்வொரு பொதியாக அவிழ்த்துக்கொண்டு போய், மோதலைக் கண்ட இடத்தில் நின்று, அந்தப் பொதிக்காக அதுவரை மாற்றியவற்றைப் பழைய நிலைக்குத் திருப்பும். உள்ளடக்கம் ஒன்றே என்றாலும் பொதுவாக இணங்காது. இந்தக் கடுமையே மேலானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஏனெனில் இன்று ஒத்திருக்கும் கோப்புகள் நாளைய பதிப்பில் ஒத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கண்டியில் ஒரு பாடசாலையின் கணினிக் கூடத்தில், மாணவி ஒருத்தி வேறெங்கிருந்தோ பெற்ற தமிழ் விசைப்பலகைப் பொதியை நிறுவுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கரிய திரையில் வரிகள் சில ஓடி நிற்கின்றன: இப்பொதி இன்ன கோப்பின் மேல் எழுத முயல்கிறது, அக்கோப்பு இன்ன பொதியிலும் உள்ளது. பார்த்தால் அது விரல்நுனி அளவான ஒரு சின்னப் படம். அதன் பொருட்டு முழு வேலையும் நின்று கிடக்கிறது. பலவந்தமாக மேலெழுதும் கட்டளை ஒன்று உண்டு, அதைப் பிரயோகித்தால் அக்கணமே தடை நீங்கும். ஆயினும் அந்தப் படத்தின் உரிமை அப்போது புதிய பொதிக்கு மாறிவிடுவதால், பின்னொரு நாள் அப்பொதியை நீக்கும்போது படமும் சேர்ந்து மறைந்து, ஒரு பிழையும் செய்யாத பழைய பொதி ஊனமுற்று நிற்கும். ஆதலால் முதலில் கோப்பின் உரிமையாளர் யார் எனப் பதிவேட்டைக் கேட்பதே முறை. டெபியனில் டிபிகேஜியும் ஃபெடோரா என்னும் வழங்கலில் ஆர்பிஎம்மும் இவ்வினாவுக்கு ஒரே வரியில் விடை தரும். விடை கிடைத்த பின், பழைய பொதி தேவையற்றதெனில் அதை அகற்றலாம். இரண்டும் வேண்டுமெனில் ஒன்றன் கோப்பை வேறு பெயருக்குத் திருப்பிவிடும் உபாயம் டெபியனில் உண்டு. ஆர்ச் லினக்ஸ் வழங்கலின் பொதி நிர்வாகியான பேக்மனில் எல்லாவற்றையும் கண்மூடி மேலெழுதும் பழைய கட்டளைக்குப் பதிலாக, எந்தக் கோப்பை மேலெழுத வேண்டும் எனப் பெயர் குறித்துச் சொல்லும் கட்டளை 2018 இல் வந்தது.

இலங்கையில் இவ்விஷயத்தை ஆராய்வோர் ஹந்தானை லினக்ஸை நினையாதிருக்க முடியாது. 1952 இல் பேராதனைக்குப் பெயர்ந்த பல்கலைக்கழகத்தின் மேலே எழுந்து நிற்கும் ஹந்தானை மலைத்தொடரின் பெயரைத் தாங்கி, தனிஷ்க நவீனின் முயற்சியால் 2009 இல் வெளிவரத் தொடங்கிய இவ்வழங்கல் ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டது. சிங்களத்துக்கும் தமிழுக்கும் ஆதரவு தந்ததோடு, பாடசாலைகளுக்குப் பயன்படும் மென்பொருள்களையும், ஃபெடோரா தன்னோடு தராத ஒலி, ஒளிக் கோப்புகளை இயக்கும் வசதிகளையும் சேர்த்தே வழங்கியது. இத்தகைய வசதிகளை வெளியார் நடத்தும் பொதிக் களஞ்சியங்களிலிருந்து எடுப்பதே மோதலின் முக்கிய ஊற்று. லிவ்னா, ஃபிரெஷ்ஆர்பிஎம்ஸ், டிரிபிள் என்னும் மூன்று களஞ்சியங்கள், ஒன்றன் பொதி மற்றொன்றன் பொதியோடு ஒத்துப்போகாத தொல்லையைத் தீர்க்கவே, 2008 இல் ஆர்பிஎம் ஃபியூஷன் என ஒன்றாயின. ஃபெடோராவிலிருந்து கிளைக்கும் வழங்கல்களுக்கு மற்றுமொரு நிபந்தனை உண்டு. ஃபெடோராவின் சின்னங்கள் வணிகக் குறிகள் ஆதலால், அவற்றைக் கொண்ட பொதியை நீக்கிப் பொதுச் சின்னப் பொதியை வைக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்துக்கு உரிமை கோருவதால், ஒன்றோடொன்று முரண்படும் என்று பொதிகளிலேயே முன்கூட்டி அறிவிக்கப்பட்டிருக்கும்.

இவ்வாறு முன்கூட்டி அறிவிப்பதே சிறந்த பரிகாரம். உதாரணமாக, லங்கா லினக்ஸ் பயனர் குழுவின் சிங்கள எழுத்துருவைத் தாங்கிய டெபியன் பொதி, எழுத்துருப் பொதிகள் யாவற்றுக்கும் புதிய பெயர் மரபு ஏற்பட்டபோது தானும் பெயர் மாறியது. கோப்புகள் ஒரு பொதியிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயரும் இத்தகைய சமயங்களில், இன்ன பொதியின் இன்ன பதிப்புக்குப் பதிலாக வருகிறேன் என்று புதிய பொதி தன் விவரக் குறிப்பில் உரைக்கும்; பழைய பெயரில் உள்ளீடற்ற இடைக்காலப் பொதி ஒன்றும் சில காலம் நின்று, பயனரைப் புதியதன்பால் சேர்க்கும்.