எத்தனை சிசி எடுக்கலாம், சேர்?



போன வாரம் மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசலடியில் என்னிடம் படித்த தம்பி ஒருவர் பிடித்துக்கொண்டார். கத்தாரில் மூன்று வருஷம் உழைத்த காசு கையில் இருக்கிறது. மனைவியை ஏற்றிக்கொண்டு இலங்கையைச் சுற்றிவர ஆசை. "எத்தின சிசி எடுக்கலாம் சேர்? பெரிசா ஒன்டு பாத்து வெச்சிரிக்கன். மிச்சக் காசுக்கு லீசிங் போடலாம்" என்றார்.

நான் மெக்கானிக் இல்லை, வரலாறு படிப்பிக்கிறவன். ஆனால் இந்தக் கேள்விக்கு வரலாற்றிலும் விடை இருக்கிறது. அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

1973 ஒக்டோபர் 6. அரபு–இஸ்ரேல் போர் தொடங்கிய அதே நாளில், டெட் சைமன் என்ற பத்திரிகையாளர் லண்டனிலிருந்து உலகத்தைச் சுற்றக் கிளம்பினார். அவர் எடுத்தது 500 சிசி ட்ரையம்ப் டைகர் 100. நான்கு வருஷம், 45 நாடுகள், ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டர். இன்றைய கடைக்காரர் யாரிடமாவது "500 சிசியில் உலகம் சுற்றலாமா?" என்று கேட்டால், "கொஞ்சம் பெரிசாப் பாருங்க" என்றுதான் பதில் வரும்.

அதே 1973இல் இன்னொருவரும் புறப்பட்டார். அன்-பிரான்ஸ் டோத்வில் என்ற பிரெஞ்சுப் பெண். முதல் வருஷம் அவர் பாரிஸிலிருந்து ஈரானின் இஸ்பஹான் வரை ஒரு கூட்டத்தோடு போயிருந்தார். அப்போது ஓட்டியது 750 சிசி மோட்டோ குஸ்ஸி. அடுத்த வருஷம் தனியாக உலகத்தைச் சுற்றப் புறப்பட்டபோது எடுத்தது வெறும் 125 சிசி கவாசாகி. பெரியதில் போய்ப் பார்த்த பிறகுதான் சிறியதை எடுத்தார் என்பதைக் கவனியுங்கள். அதில்தான் ஆப்கானிஸ்தானையும் கடந்தார். மோட்டார் சைக்கிளில் தனியாக உலகைச் சுற்றிய முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள்.

பிறகு சஹாரா வருகிறது. 1978 டிசம்பர் 26ஆம் திகதி பாரிஸிலிருந்து செனகலின் டாக்கருக்கு முதல் பந்தயம் புறப்பட்டது. மோட்டார் சைக்கிளில் வென்றவர் சிரில் நெவூ. அவர் ஓட்டியது யமஹா எக்ஸ்டி 500, ஒற்றை சிலிண்டர் எஞ்சின். பாலைவன மணலில் சக்தியை விட, விழுந்தால் தூக்கி நிறுத்த முடிகிறதா என்பதுதான் பெரிது. 1983இல் யமஹா இதே வழியில் ஒரு 600 சிசி பைக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏறத்தாழ 30 லீட்டர் டாங்கி. பெயர் தெனெரே. சஹாராவில் வாழும் துவாரெக் முஸ்லிம்களின் மொழியில் அதற்குப் பாலைவனம் என்று அர்த்தம்.

1980இல் ஜேர்மனியின் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆர்80 ஜி/எஸ் என்ற பைக்கை இறக்கியது. காட்டுப் பாதைக்கும் தார் வீதிக்கும் ஒரே வண்டி என்பதுதான் யோசனை. 797 சிசி, பெற்றோலோடு ஏறத்தாழ 186 கிலோ. அடுத்த வருஷமே டாக்கர் பந்தயத்தை வென்றது.

இங்கிருந்துதான் கதை திசை மாறுகிறது. பணமுள்ள வாடிக்கையாளர்கள் வந்தார்கள். இன்னும் சக்தி வேண்டும், காற்றுத் தடுப்பு வேண்டும், பெட்டி வேண்டும், மின்னணு வசதி வேண்டும் என்றார்கள். ஒவ்வொன்றாகச் சேரச் சேர நிறையும் ஏறியது. அதே குடும்பத்தில் வந்த ஆர்1250 ஜிஎஸ் 249 கிலோ. அதாவது 63 கிலோ கூடுதல். பெட்டி கட்டுவதற்கு முன்பே, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிற கணக்கு. அமெரிக்காவின் நீண்ட நெடுஞ்சாலைகளுக்காக வளர்ந்த ஹொண்டா கோல்ட் விங் 400 கிலோ அளவுக்கே போய்விட்டது. அந்த வீதிகளில் அது சொகுசுதான். நான் மறுக்கவில்லை.

2004இல் இரண்டு நடிகர்கள், இவான் மக்ரெகரும் சார்லி பூர்மனும், லண்டனிலிருந்து கிழக்காகவே நியூயோர்க் வரை போனார்கள். தொலைக்காட்சித் தொடராக வந்தது, உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். கொண்டுபோனது 1150 சிசி பீ.எம்.டபிள்யூ. அந்தத் தொடரைப் பார்த்துப் பெரிய பைக் வாங்கியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் அதே தொடரில் இன்னொரு காட்சியும் உண்டு. மொங்கோலியாவில் படப்பிடிப்பாளரின் பெரிய பைக் பழுதாகிவிடுகிறது. அதை லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அவர் அங்கேயே ஒரு சிவப்பு நிற ரஷ்ய பைக்கை வாங்குகிறார். இஸ் பிளானெட்டா, 350 சிசிக்கும் சற்றுக் குறைவு. சேற்றிலும் புல்வெளியிலும் பெரிய பைக்குகள் சரிந்து விழ, அவர் அதில் போய்க்கொண்டிருக்கிறார். மக்கள் முதல் காட்சியை ஞாபகம் வைத்தார்கள், இரண்டாவதை மறந்துவிட்டார்கள்.

மறக்காதவர்களும் இருந்தார்கள். லொயிஸ் பிரைஸ் என்ற ஆங்கிலேயப் பெண் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் கடைசி முனை வரை 225 சிசி யமஹாவில் போனார். பிறகு லண்டனிலிருந்து கேப் டவுன் வரை 250 சிசியில் போனார்.

கடந்த பத்து வருஷத்தில் நிறுவனங்களே நடுத்தரத்துக்குத் திரும்பிவிட்டன. 2016இல் ரோயல் என்பீல்ட் 411 சிசி ஹிமாலயனை இறக்கியது. வலு 24 குதிரைச் சக்திதான், ஆனால் ஆசன உயரம் 800 மில்லிமீட்டர், சாதாரண உயரமுள்ளவர் கால் ஊன்றலாம். பெரிய பைக்குகளுக்குப் பெயர்போன பீ.எம்.டபிள்யூ.வே 313 சிசியில் ஒரு ஜிஎஸ் செய்தது. அதைத் தயாரித்தது தமிழ்நாட்டின் ஓசூரில், டிவிஎஸ் தொழிற்சாலையில். 2023இல் வந்த புதிய ஹிமாலயன் 452 சிசி, 40 குதிரைச் சக்தி, 196 கிலோ. அதுவும் இறகு அல்ல, ஆனால் 250 கிலோவும் அல்ல.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அதிவேக நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. பெரிய எஞ்சினின் வேகத்தை எங்கே காட்டப்போகிறோம்? மஹியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவில் தேவைப்படுவது வேகமல்ல, திருப்புவதற்கான இலகு. பொத்துவிலிலிருந்து மொனராகலைக்குப் போகும்போது லாகுகலையில் யானை குறுக்கே நின்றால், பைக்கை அந்த இடத்திலேயே திருப்பிக்கொண்டு வரத் தெரிய வேண்டும். 250 கிலோவை ஒடுக்கமான வீதியில் பதற்றத்தோடு திருப்பிப் பாருங்கள்!

2022ஐயும் மறந்துவிட வேண்டாம். கியூஆர் வந்த தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர். லீட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் பைக் என்றால் 180 கிலோமீட்டர். 18தான் ஓடும் என்றால் 72. பாடசாலைக்குப் போய்வரவே போதாது.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மிகச் சிறியதும் சரிவராது. 100 சிசியில் இரண்டு பேரும் ஒரு பெட்டியும் ஏறினால் ஹப்புத்தளை ஏற்றத்தில் எஞ்சின் அழும், பிரேக்கும் சிரமப்படும். தம்பி மனைவியோடு போகிறவர். ஆகவே 200க்கும் 400க்கும் இடையில், 160 முதல் 190 கிலோவுக்குள் பார்க்கச் சொன்னேன். நடுநிலை நம் மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த ஒன்றுதானே.

வாங்குவதற்கு முன் மூன்று சோதனை செய்யச் சொன்னேன். ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் பதிகிறதா? எஞ்சினை நிறுத்தி, இறங்கி, தனியாகப் பத்தடி பின்னுக்குத் தள்ள முடிகிறதா? நம் ஊர் கராஜில் இதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இருக்கிறாரா, சாமான் கிடைக்குமா? மூன்றில் ஒன்றுக்கு "இல்லை" என்றால் அந்த பைக் உங்களுக்குரியதல்ல.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப லீசிங் தேவப்படாது சேர்" என்றார். லீசிங் என்றால் வட்டி என்பதை நான் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மூன்று வருஷம் வெயிலில் உழைத்த காசு, மாதாமாதம் தவணை கட்டும் கவலையாக மாறாமல் பயணமாகவே மிஞ்சட்டும்.

இரண்டு பேருக்கும் நல்ல ஹெல்மட் வாங்க மறக்க வேண்டாம் என்றும் சொன்னேன். மிச்சம் பிடித்த காசில் முதலில் அதைத்தான் வாங்க வேண்டும்.

சிறிய பைக்கில் நீண்ட தூரம் போன அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். இளையவர்கள் படிக்கட்டும். அல்லாஹ் எல்லோருடைய பயணத்தையும் பாதுகாப்பானதாக ஆக்குவானாக.