சிட்டாவும் இண்டெக்ஸும்

அரியலூர்க்காரரிடம் "உங்க மாவட்டம் எது?" என்று கேட்டால், "எந்த வருஷத்துல?" என்று திருப்பிக் கேட்பார். திருச்சியிலிருந்து 1995-இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001-இல் அரியலூர் பிரிந்து, 2002-இல் மீண்டும் சேர்ந்து, 2007-இல் மறுபடியும் தனி மாவட்டமானது. இந்த வரலாறு ஒருநாள் என் கம்ப்யூட்டர் திரையில் வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

நான் வேலை பார்த்த இடத்தில், விவசாயிகளின் நில விவரங்களைத் தேடித் தரும் மென்பொருள் ஒன்று எழுதினோம். பழைய பதிவுகளில் பெரம்பலூர், புதியவற்றில் அரியலூர். எதற்கு வம்பு என்று மாவட்டத்தை விட்டுவிட்டு, கிராமத்தையும் சர்வே எண்ணையும் மட்டும் வைத்துத் தேடும்படி மாற்றினேன். விடை சரியாகத்தான் வந்தது. ஆனால் டீ ஆறிய பிறகே வந்தது. சோதனைக்காக நான் கவுண்ட்டரில் உட்கார்ந்த அன்று செந்துறைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "தம்பி, கடைசி பஸ் போயிடும்பா" என்றார். பஸ் போயே விட்டது.

பெரிய சர்வர் வாங்கலாம் என்றார்கள். எனக்கோ கிராமக் கணக்குகள் நினைவுக்கு வந்தன. அ-பதிவேடு சர்வே எண் வரிசையில் இருக்கும். சிட்டா பட்டா எண் வரிசையில் இருக்கும். ஒரே நிலத்துக்கு இரண்டு வாசல்!

இதே யோசனைதான் கம்ப்யூட்டரிலும். என்ன வேண்டும் என்பதை மட்டும் மனிதன் சொன்னால் போதும், தேடும் வழி இயந்திரத்தின் பாடு என்பதற்கு 1970-இல் ஐ.பி.எம்.மின் எட்கர் காட் அடித்தளமிட்டார். அதே காலத்தில் போயிங் நிறுவனத்தில் பேயரும் மெக்ரைட்டும் பி-மரம் என்னும் இண்டெக்ஸ் அமைப்பை உருவாக்கினர். ஒவ்வொரு வழிக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டு மலிவானதைத் தேர்ந்தெடுக்கும் முறையை 1979-இல் பாட்ரிசியா செலிங்கர் குழுவினர் வெளியிட்டனர்.

ஆனால் வாசலே இல்லாவிட்டால் இயந்திரம் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கும்? 'எக்ஸ்பிளெயின்' கட்டளை கொடுத்துப் பார்த்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எல்லாப் பதிவுகளையும் படித்துக்கொண்டிருந்தது. எங்கள் இண்டெக்ஸ் மாவட்டத்தில் தொடங்கியது. நான் விட்டதும் மாவட்டத்தைத்தான். முதலெழுத்து தெரியாமல் அகராதியைப் புரட்டிய கதை! கிராமக் குறியீடு, சர்வே எண் என்ற வரிசையில் புதிய இண்டெக்ஸ் போட்டதும் கண் இமைப்பதற்குள் விடை வந்தது.

அதற்காக எல்லாவற்றுக்கும் இண்டெக்ஸ் போட்டுவிடாதீர்கள். நிலம் கைமாறினால் இரண்டு புத்தகத்தையும் திருத்த வேண்டும். இயந்திரத்துக்கும் அதே பாடுதான்.

தம்பி, தங்கைகளே! புரோகிராம் மெதுவாக ஓடினால் உடனே மெஷினைத் திட்டாதீர்கள். அது எந்த வழியாகத் தேடுகிறது என்று பாருங்கள். அந்தத் தகவலுக்குப் பின்னால் எந்த ஊர்க் கதை இருக்கிறது என்றும் விசாரியுங்கள். அங்கே ஒருவர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்.