யாருடைய வாத்தியம்? மண்டலின் வந்த வழி

போன மாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெம்பிளி ஈலிங் வீதியில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகனுக்கு 13 வயது. யூரியூப்பில் ஸ்ரீநிவாஸின் கச்சேரியொன்றைக் கேட்டதிலிருந்து மண்டலின் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் பிள்ளைகளுடன் சேர்ந்து அவர்களுடைய நடன மெட்டுகளையும் வாசிக்க அவனுக்கு ஆசை. சனிக்கிழமைகளில் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் ரீச்சரோ, "அது எங்கட வாத்தியமில்லை. வீணை, இல்லாட்டி வயலின் பழகட்டும்" என்று முடித்துவிட்டார்.

"ஒண்டுதான் வாங்க ஏலும். ரெண்டு பாட்டுக்கும் சரிவாற மாதிரி எதை வாங்கிறது? நீர் கம்பஸிலை படிச்சனீர், பாத்துச் சொல்லும்" என்றார் நண்பர். நான் கம்பஸில் படித்தது வரலாறு, அதையும் முடிக்கவில்லை. எனவே வரலாற்றுப் பக்கமாகவே தேடத் தொடங்கினேன்.

நான் வேலை செய்யும் உணவகத்தின் குசினியில், அடுப்படியில் நிற்கும் முதியவர் நாப்போலிக்காரர். அவரிடம் மண்டலின் பற்றிக் கேட்டேன். "அது உல்லாசப் பயணிகளுக்கு வாசிக்கிற சாமான்" என்று கையை வீசினார். பிறந்த வீட்டிலேயே அந்த வாத்தியத்துக்குப் பெரிய மரியாதை இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

இன்று நாம் காணும் மண்டலினின் வடிவம் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நாப்போலியில் உருவானது. வினாச்சியா என்ற குடும்பத்தார் அதில் பேர்பெற்றவர்கள். பூசணிக்காயைப் பாதியாகப் பிளந்தது போன்ற முதுகு, இரட்டை இரட்டையாக நாலு சோடித் தந்திகள். சுருதி வயலினுக்குரிய அதே ஜி, டி, ஏ, ஈ. தந்தியின் நீளம் ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர்தான். தந்தி குறுகினால் நாதம் நிலைக்காது, மீட்டியவுடன் செத்துவிடும். அதற்கு நாப்போலிக்காரர் கண்ட வழி, சோடித் தந்திகளின் மேல் மீட்டுகோலை இடைவிடாமல் அதிரவிடுவது. ஒரே சுரம் மழைபோலத் தொடர்ந்து விழும். மொசார்ட் 1787இல் தனது 'டொன் ஜொவானி' என்ற இசை நாடகத்தில், யன்னலுக்குக் கீழே நின்று காதலன் பாடும் பாட்டுக்கு மண்டலினைத்தான் துணைக்கு வைத்தார்.

பிறகு இது குடிபெயர்ந்தவர்களின் கையில் ஏறியது. சிறியது, மலிவானது, மூட்டையோடு கொண்டு போகலாம். இத்தாலியர் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். நியூயோர்க்கில் யூதத் தொழிலாளர்கள் 1924இல் மண்டலின் குழுவொன்றைத் தொடங்கினார்கள். கனடாவின் வின்னிபெக் நகரில் உக்ரேனியத் தொழிலாளர்கள் 1920களிலேயே அவ்வாறு சேர்ந்து வாசித்தார்கள். பகலில் தையல் ஆலையிலும் தண்டவாளத்திலும் உழைத்தவர்கள், இரவில் தங்கள் ஊர்ப் பாட்டை இன்னொரு ஊரின் வாத்தியத்தில் வாசித்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது வெம்பிளியின் எங்கள் சனிக்கிழமை வகுப்புகள்தான் கண்முன் வந்தன.

அமெரிக்காவில் வாத்தியத்தின் உடலும் மாறியது. ஓர்வில் கிப்சன் என்பவர் பூசணி முதுகை விட்டு, வயலினைப் போல மரத்தைக் குடைந்து செய்யும் முறைக்கு 1898இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரிலான கம்பனி 1902இல் கலமசூவில் தொடங்கியது. அங்கிருந்து இரண்டு வகைகள் வந்தன: கண்ணீர்த்துளி போன்ற எளிய 'ஏ' வடிவம், தோளில் சுருள் வைத்த 'எஃப்' வடிவம். 1922இல் லொயிட் லோர் காலத்தில் வெளிவந்த எஃப்-5 வாத்தியத்தில் முட்டை வடிவத் துளைக்குப் பதிலாக வயலினிலுள்ளது போன்ற இரு துளைகள் இருந்தன. 1923இல் செய்யப்பட்ட அப்படியொன்றைப் பின்னாளில் புளோரிடாவில் ஒரு சலூனில் கண்டு வாங்கிய பில் மன்றோதான் புளூகிராஸ் இசையின் தந்தை எனப்படுகிறார். 1952இல் போல் பிக்ஸ்பி, ரைனி மூர் என்ற கலைஞருக்காக ஐந்து தனித்தந்திகள் கொண்ட மின்சார மண்டலின் ஒன்றைச் செய்து கொடுத்தார். இந்த ஐந்து தனித்தந்திகளை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

இனி எங்கள் பக்கம். 'எங்கட வாத்தியம்' என்று ரீச்சர் சொன்ன வயலின் எப்போது எங்களுடையதாயிற்று? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859), சென்னைப் பட்டினத்தில் வெள்ளைக்காரரின் வாத்தியக் கோஷ்டியைக் கேட்டு, ஐரோப்பியர் ஒருவரிடம் பழகி, அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூர் அரண்மனை வரை கொண்டு சென்றார். ச-ப-ச-ப என்று சுருதியை மாற்றி, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கியதும் வயலின் எங்களுடையதாகிவிட்டது. குசினி, யன்னல், கதிரை, அலுமாரி எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள். அவற்றை எடுத்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டைப் பற்றிப் பேசவே முடியாது.

மண்டலினுக்கு அந்த வேலையைச் செய்தவர் உப்பலப்பு ஸ்ரீநிவாஸ். 1969 பெப்ரவரி 28இல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். தகப்பனார் சத்யநாராயணா கிளாரினெட் கலைஞர். குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவர். குருவுக்கு மண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பிள்ளை அதை வாத்தியத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். 1978இல் குடிவாடாவில் நடந்த தியாகராஜ ஆராதனையில் அரங்கேறினார். 1981 மார்கழியில் சென்னை இந்தியன் பைன் ஆர்ட்ஸ் சொசைற்றியில் வாசித்தபோது வயது 12.

மெட்டு வைத்த குறுந்தந்தியில் கமகம் எப்படி வருமென்ற சந்தேகம் நியாயமானதுதான். சோடித் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டும் ஒரேயளவு இழுபடாது, சுருதி பிசகும். அதிரவிட்டு வாசித்தால் ராகம் துண்டு துண்டாகும். ஸ்ரீநிவாஸ் சோடிகளை விட்டு ஐந்து தனித்தந்திகளுக்கு வந்தார். நாதம் நிலைக்க மின்சாரத்தைத் துணைக்கு எடுத்தார். ரைனி மூரின் வாத்தியத்திலும் தந்திகள் ஐந்துதான். ஆனால் அங்கே அது ஆட்டத்துக்கு வாசிக்க. இங்கே தோடியை இழுக்க.

1983இல் பேர்லின் ஜாஸ் விழா, 1995இல் மைக்கல் புரூக்குடன் 'ட்ரீம்', பிறகு ஜோன் மக்லாக்லினின் 'ரிமெம்பர் சக்தி', 2003இல் லண்டன்காரரான மைக்கல் நைமனுடன் ஓர் இசைத்தட்டு என்று எங்கும் போனார். எங்கு போனபோதும் கையிலிருந்தது அதே வாத்தியம், விரலில் இருந்தது குரு பாடிக் கொடுத்தது. 2014 செப்ரெம்பர் 19இல் 45 வயதில் சென்னையில் காலமானார்.

இவ்வளவையும் படித்துவிட்டு நண்பருக்குச் சொன்னது இதுதான். கர்நாடக இசைதான் முழுமூச்சென்றால் ஐந்து தந்தி மின்சார மண்டலின். இரண்டும் வேண்டுமென்றால் 'ஏ' வடிவ எட்டுத் தந்தி, முட்டைத் துளையோடு. அதன் நாதம் சற்று நீளும், கனிவாக இருக்கும். இரட்டைத் துளையின் ஒலி வெட்டென்று முன்னுக்கு வரும். புளூகிராஸுக்கு அதுதான் பொருத்தம். எஃப் வடிவச் சுருளுக்குக் கொடுக்கும் காசு அழகுக்கே. நாதத்துக்கு அதனால் பெரிய லாபமில்லை. பழைய பூசணி முதுகு வாத்தியத்துக்கு இன்றைய தடித்த தந்தி பூட்டினால் கழுத்து வளையும். வாங்கும்போது 12ஆவது மெட்டில் அழுத்தி மீட்டு. பிறகு அதேயிடத்தில் விரலை இலேசாகத் தொட்டு மீட்டு. இரண்டும் ஒரே சுரமாக வரவேண்டும்.

ஐரிஷ் மெட்டுக்கு ஜி, டி, ஏ, ஈ அப்படியே இருக்கட்டும். சங்கீத வகுப்புக்குப் போகும்போது ஏ-யையும் ஈ-யையும் ஒவ்வொரு முழுச்சுரம் இறக்கினால் ஜி, டி, ஜி, டி. ச-ப-ச-ப! சோடியில் ஒவ்வொரு தந்தியைக் கழற்றிவிட்டால் விரல் இழுக்கவும் இடம் கிடைக்கும். ஒலி குறையும், அதற்கு ஒரு ஒலிவாங்கியை ஒட்டிக்கொள்ளலாம்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வேறொன்று சொன்னார். அவருடைய அண்ணர் ஊரில் ஒரு பாட்டுக் கோஷ்டியில் மண்டலின் வாசித்தவராம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது, அம்மாவைச் சைக்கிளில் ஏற்ற வேண்டியிருந்ததால் அது சுவரிலேயே தொங்கிவிட்டது. திரும்பிப் போனபோது சுவரும் இல்லை. அண்ணரும் பிறகு இல்லை. மகனுக்கு இதுவரை சொல்லவில்லையாம்.

"அப்ப அது எங்கட வாத்தியம்தானே, அண்ணை" என்றேன்.

இரண்டு கிழமை கழித்து, பழையது ஒன்று வாங்கிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். பின்னால் பெடியன் ச-ப-ச-ப கூட்டிக்கொண்டிருந்தது கேட்டது. மேல்-ச இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டியிருந்தது.