மாடி அறையில் ஒரு மரணம்

போன வாரம், பின்னாளில் ரமண மகரிஷி ஆன வேங்கடராமனை மதுரை மாடி அறையில் தனியாக விட்டுவிட்டு வந்தோம். வாருங்கள், உள்ளே போவோம்.

சொக்கப்ப நாயக்கன் தெரு. சித்தப்பா சுப்பையர் வீடு. 1896 ஜூலை. பையனுக்கு 16 வயது. காய்ச்சல் இல்லை, தலைவலிகூட இல்லை. பந்து விளையாடுவான், குஸ்தி போடுவான். தூக்கத்தில் பையன்கள் தூக்கிக்கொண்டு போய் அடித்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து கிடத்தினாலும் விழிக்க மாட்டான்.

அவனுக்குத்தான் திடீரென்று அந்த நினைப்பு வந்தது.

நான் சாகப்போகிறேன்!

யாரையாவது கூப்பிடலாம். டாக்டரிடம் ஓடலாம். இவன் இரண்டும் செய்யவில்லை. வருகிறதா, வரட்டும். சாவது எது என்று இப்போதே பார்த்துவிடுவோம்!

எங்கிருந்து வந்தது இந்தத் துணிச்சல்? அப்பா சுந்தரமய்யரின் மரணத்திலிருந்து வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. திருச்சுழியில் ஒழுங்காக நடந்த குடும்பம் 1892-ல் ஒரே நாளில் நிலைகுலைந்தது. அம்மா ஒரு பக்கம், மூத்த பிள்ளைகள் ஒரு பக்கம். 12 வயதில் அதைப் பார்த்தவன் இவன். பிரளய வெள்ளத்தைச் சிவன் சூலத்தால் பூமிக்குள் சுழித்து இறக்கினார் என்கிற திருச்சுழித் தலபுராணம் விருதுநகர் மாவட்டத்து வாசகர்களுக்குத் தெரியும். அந்த ஊர்ப் பிள்ளைக்கு இப்போது தன் ஒருவனுக்கான பிரளயம் வந்திருந்தது.

படுத்தான். கைகால்களை நீட்டி விறைப்பாக்கினான். மூச்சை அடக்கினான். உதடுகளை இறுக மூடினான். 'நான்' என்ற சொல்கூட வெளியே வரக்கூடாது.

சரி, உடம்பு செத்தாயிற்று. சுடுகாட்டுக்குத் தூக்கிப் போவார்கள். எரிப்பார்கள். சாம்பல்.

பிறகு? வெறும் சூனியம்தானா?

உடம்பு கட்டையாகக் கிடக்கிறது. ஆனால் அது கிடப்பது தெரிகிறதே, யாருக்குத் தெரிகிறது? எல்லாம் ஒன்றுமில்லாமல் போனாலும், ஒன்றுமில்லை என்று அறிய ஒன்று வேண்டுமே!

அது சாகவில்லை. அதுதான் நான்.

இத்தனைக்கும் அவன் படித்தது பெரிய புராணம், மிஷன் பள்ளிக்கூடத்து பைபிள் பாடம், கொஞ்சம் தேவாரமும் தாயுமானவரும். பிரம்மம் என்ற சொல்லையே அதுவரை கேட்டதில்லை என்று, ரமண மகரிஷி ஆன பிறகு அவரே சொல்லியிருக்கிறார். பிரபஞ்சத்தின் ஆதியந்தத்தைப் பண்டிதர்கள் ஏடு ஏடாகத் தேடினார்கள். இவன் தரையில் படுத்துத் தேடினான். அந்தத் தைரியத்துக்கு நான் இன்றும் தலைவணங்குகிறேன்.

எழுந்தான். மரண பயம் போய்விட்டது. பிறகு வரவே இல்லை.

பாடமும் ஏறவில்லை. ஆறு வாரம் எப்படியோ ஓடியது. ஆகஸ்ட் 29. மூன்று தரம் எழுதச் சொல்லியிருந்த ஆங்கில இலக்கணப் பாடத்தை இரண்டு தரம் எழுதினான். நோட்டைத் தள்ளினான். கண்ணை மூடி உட்கார்ந்தான்.

இப்படி இருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அண்ணன் நாகசாமி கடிந்துகொண்டார்.

உண்மைதானே!

ஸ்கூலில் ஸ்பெஷல் கிளாஸ் என்று எழுந்தான். பெட்டியில் இருக்கிற ஐந்து ரூபாயை எடுத்துப்போய்த் தன் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடச் சொன்னார் அண்ணன். மூன்றை எடுத்துக்கொண்டான். இரண்டை ஒரு சீட்டோடு வைத்தான். போக நினைத்தது திருவண்ணாமலைக்கு. பழைய அட்லஸில் அதற்குக் கிட்டத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்றிருந்தது.

ரயில் 12 மணிக்கு. ஸ்டேஷனுக்கு ஓடிச் சேரும்போதே நேரம் தாண்டிவிட்டது. ரயில் கிடைத்ததா? சீட்டில் ஏன் கையெழுத்துப் போடவில்லை?

அடுத்த வாரம் சொல்கிறேன்.