கீரை 25 நாள்ல வளரும்... நம்பிக்கை? - ஆர்கானிக் விவசாயம் பழக ஒரு கைடு

மண்ணச்சநல்லூர்னு சொன்னாலே பொன்னி அரிசிதான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பக்கம் தாத்தா நிலத்துல ஒரு மூலையில ஆர்கானிக் காய்கறி போட்டு விற்கலாம்னு உங்களுக்கும் ஆசை இருக்கா? யூடியூப் பார்த்ததோடு களத்துல இறங்கிடாதீங்க. படிக்கிற பசங்க இதை எப்படிக் கத்துக்கிறாங்கன்னு முதல்ல பாருங்க.

எங்கே கற்கலாம்?

திருச்சி - திண்டுக்கல் சாலையில் நவலூர் குட்டப்பட்டில் இருக்கிறது, அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி. வேளாண் பட்டப்படிப்புகளுக்காக 2015-ல் தொடங்கப்பட்ட 'ஸ்டூடன்ட் ரெடி' திட்டத்தில், மாணவர்கள் கிராமத்து விவசாயிகளிடம் நேரடியாகக் கற்கிறார்கள். ஒரு பொருளைத் தாங்களே உற்பத்தி செய்து, விற்று, வரவு செலவும் பார்க்கிறார்கள். அக்ரி படிக்காதவங்களுக்கு, கரூர் மாவட்டம் கடவூர் அருகே நம்மாழ்வார் உருவாக்கிய 'வானகம்' இயற்கை விவசாயப் பயிற்சி தருகிறது.

முதல்ல மண்

விதை வாங்குறதுக்கு முன்னாடி மண்ணைப் பரிசோதிச்சிடுங்க. திருச்சி மாவட்டத்தில் பல இடங்களில் களர் நிலம் உண்டு. கார அமிலத்தன்மை 8.5-க்கு மேல் போனால் பயிர் திணறும். அங்கே ஜிப்சம் இட்டு, தக்கைப்பூண்டு வளர்த்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழுவதுதான் முதல் வேலை.

முதல் பயிர் கீரை

சிறுகீரை சுமார் 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். தப்பு செஞ்சாலும் நஷ்டம் சின்னதுதான். நாலு பாத்தி பிரிச்சு, வாரத்துக்கு ஒண்ணா விதைங்க. வாராவாரம் அறுவடை கிடைக்கும். பஞ்சகவ்யா தெளிக்க, 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மி.லி. போதும்.

விற்பனைதான் நிஜப் பரீட்சை

காலையில் பறித்த கீரை சாயங்காலம் வாடிடும். அதனால விதைக்கும்போதே பத்து வீடுகளில் பேசி வையுங்க. வாட்ஸ்அப் குரூப்பே போதும். அளவு கூடினால் உழவர் சந்தை இருக்கு. 1999-ல் மதுரையில் தொடங்கிய திட்டம் இது, இடைத்தரகர் கிடையாது. விற்பதற்கு விவசாயி அடையாள அட்டை வேணும்.

'ஆர்கானிக்'னு எப்போ சொல்லலாம்?

இங்கேதான் பலர் சறுக்குறாங்க. ரசாயன உரத்தை நிறுத்திய மறுநாளே நிலம் ஆர்கானிக் ஆகிடாது. தேசிய விதிப்படி, கீரை, காய்கறி போன்ற பயிர்களுக்கு மாறுதல் காலமே 2 வருஷம். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு உற்பத்தியாளர், வீட்டுக்கு வாங்குபவர்களிடம் நேரடியாக விற்றால், சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனா 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் போடக் கூடாது. சான்றிதழ் வேணும்னா, குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து பி.ஜி.எஸ். முறையில் குறைந்த செலவில் வாங்கலாம்.

அதுவரைக்கும், 'மருந்து அடிக்கிறதை நிறுத்தி ஆறு மாசம் ஆச்சுங்க'னு உள்ளதைச் சொல்லியே வித்துப் பாருங்க. கீரையில ஓட்டை இருந்தாலும் வாங்குவாங்க. ஒருதடவை பொய் சொல்லி மாட்டினா, அடுத்த வாரம் அந்த வீட்டுக் கதவு திறக்காது.