மயாமியில் பிறந்த ஹார்வி

1968இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் மாநாட்டுக்கு மயாமி பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் கார்டன் ஆளுயரப் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் கழுத்தில் நாடி துடித்தது, மூச்சு வந்து போனது, ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இதய ஒலி கேட்டது. ஜார்ஜ்டவுனில் தனக்கு ஆசானாக இருந்த பிராக்டர் ஹார்வியின் பெயரையே கார்டன் அதற்குச் சூட்டினார்.

மாணவர்களைப் பழக்க இப்படியொரு பொம்மை தேவைப்பட்டது நியாயமே. ஒரு மாணவர் கேட்டே ஆகவேண்டிய மர்மர் (இதயத்தின் இயல்பற்ற இரைச்சல்), அவர் பயிற்சிக்கு வரும் மாதத்தில் வார்டில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அப்படியே இருந்தாலும், மூச்சுத் திணறிக் கிடப்பவரின் நெஞ்சில் வகுப்பே வரிசையாக வந்து கை வைப்பது கொடுமை.

அன்றைய ஹார்விக்குள் இருந்தவை கேம் சக்கரங்களும் நெம்புகோல்களும். ஒலி நாடாவிலிருந்து வந்தது. ஒலியை உண்டாக்குவது பெரிய காரியமல்ல. கழுத்து, மணிக்கட்டு, மார்பு எல்லாம் அந்த ஒலியோடு ஒரே தாளத்தில் அசைய வேண்டும் என்பதுதான் சவால். கழுத்துத் தமனி ஒரு துடிப்புக்கு ஒருமுறை விரலை உந்தும். பக்கத்திலுள்ள சிரையிலோ ஒரு துடிப்புக்குப் பெரும்பாலும் இரண்டு அலைகள் எழும். கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தட்டாது. மகாதமனி வால்வு சுருங்கியவருக்குத் தமனியின் உந்தலே தயங்கித் தயங்கி மேலெழும். இவற்றைப் படம் போட்டு விளக்கலாம், பழக்க முடியாது.

பொம்மையிடம் கற்றது மனிதரிடம் செல்லுமா? 1987இல் வெளியான ஆய்வில் ஐந்து மருத்துவக் கல்லூரிகளின் 208 இறுதியாண்டு மாணவர்களைச் சோதித்தார்கள். ஹார்வியிடம் பயின்றவர்கள் உண்மையான நோயாளிகளைப் பரிசோதிப்பதிலும் மற்றவர்களை முந்தினார்கள். அப்படியும் காதாலும் கையாலும் இதய நோயை அறியும் கலை தேய்ந்துதான் வந்தது. 1997இல் அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களுக்கு இதய ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டியபோது, சராசரியாக 20 சதவீதத்தைத்தான் சரியாக இனங்கண்டார்கள். இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ ஸ்கேன் இருக்கிறதே என்று இந்தக் கலையைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. யாரை எக்கோவுக்கு அனுப்ப வேண்டும் என்பதையே காதும் விரலும்தான் முதலில் சொல்கின்றன.

நாடா போய் டிஜிட்டல் வந்தது. ஹார்வியின் உடல் இளைத்தது, நோய்கள் பெருகின. தொடக்க காலத்தில் முப்பதுக்குள் இருந்த இதய நிலைகள் இப்போது 50. நார்வேயின் லேர்டல் நிறுவனம் அதை விற்கிறது.

என்னைக் கேட்டால், ஹார்வியிடம் போகும் மாணவர் முதல் வகுப்பில் ஸ்டெதாஸ்கோப்பைத் தொடவே கூடாது. கழுத்தைப் பார்த்து, நாடியைப் பிடித்து, மார்பின் உந்தலை உள்ளங்கையில் வாங்கி, நோய் இன்னதென்று சொல்லிப் பார்க்கட்டும். ஒலி மட்டும் போதுமென்றால் ஒலிப்பதிவே போதும், ஹார்வி எதற்கு?